அப்டேட் உங்கள் கணினிக்கு வருவதற்கு முன்னால்: லினக்ஸ் பேக்கேஜையும் கர்னலையும் எப்படிச் சோதிக்கிறார்கள்?

லினக்ஸில் அப்டேட் வந்திருப்பதாக அறிவிப்பு வந்தால் பெரும்பாலோர் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அப்படி நிம்மதியாகப் போக முடிகிறது என்றால், யாரோ எழுதிய மாற்றம் நேராக நம் கணினியில் வந்து இறங்குவதில்லை என்பதுதான் காரணம். நடுவில் அதைப் பல இடங்களில் நிறுத்திவைக்கிறார்கள், இயந்திரங்கள் ஓட்டிப் பார்க்கின்றன, மனிதர்கள் தங்கள் சொந்தக் கணினியில் போட்டுப் பார்க்கிறார்கள், அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் விடுகிறார்கள். இந்த நடுப்பகுதியில் என்ன நடக்கிறது என்று லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதில் கலந்துகொள்ள புரோகிராமராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, அது பலருக்குத் தெரிவதில்லை.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். பேக்கேஜ் என்பது ஒரு மென்பொருள், அதற்குத் தேவையான கோப்புகள், "நான் ஓட இன்னின்ன பேக்கேஜ்கள் வேண்டும்" என்ற பட்டியல், நிறுவும்போது ஓடவேண்டிய சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள் எல்லாம் சேர்ந்த ஒரு கட்டு. கர்னல் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. வைஃபை, திரை, வட்டு, நினைவகம் எல்லாம் அதன் பொறுப்பு. அதுவும் ஒரு பேக்கேஜாகத்தான் உங்களிடம் வருகிறது, ஆனால் அதில் ஒரு கோளாறு வந்தால் விளைவு வேறு மாதிரி இருக்கும். டெக்ஸ்ட் எடிட்டர் உடைந்தால் இன்னொரு எடிட்டரைத் திறந்துகொள்ளலாம், கர்னல் உடைந்தால் கணினியே எழுந்திருக்காது.

சோதிப்பவர்கள் எல்லோரும் முக்கியமாகத் தேடுவது ரிக்ரஷன் என்பதைத்தான். நேற்று வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒன்று இன்றைய அப்டேட்டுக்குப் பிறகு ஓடவில்லை என்றால் அது ரிக்ரஷன். எப்போதும் இருக்கிற பழைய பக் (மென்பொருள் பிழை) வேறு, இது வேறு. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், பின்னால் அறிக்கை எழுதும்போது இதுதான் கைகொடுக்கும்.

இயந்திரங்கள் செய்யும் வேலை

முதல் சல்லடை மனிதர் கை படாதது. மூலநிரலிலிருந்து பேக்கேஜைக் கட்டும்போதே அந்த மென்பொருளோடு வருகிற சோதனைகள் ஓடும், பலவகை செயலிகளுக்கும் தனித்தனியாகக் கட்டிப் பார்ப்பார்கள். அது தேறினாலும் போதாது, ஏனென்றால் பல கோளாறுகள் மென்பொருளில் இருப்பதில்லை, கட்டிய விதத்தில் இருக்கின்றன: சேர்க்க வேண்டிய சார்பு ஒன்று விட்டுப்போயிருக்கும், நீங்கள் திருத்திவைத்த அமைப்புக் கோப்பை அப்டேட் அழித்துவிடும், இரண்டு பேக்கேஜ்கள் ஒரே கோப்பைத் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டு நிறுவலையே நிறுத்திவிடும். அதனால் டெபியன் என்ற டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் கர்னலையும் பேக்கேஜ்களையும் சேர்த்துத் தரும் முழு இயங்குதளத்தை டிஸ்ட்ரோ என்பார்கள்) ஆட்டோபிகேஜிடெஸ்ட் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள், அது பேக்கேஜை நிஜமாகவே நிறுவிய பிறகு ஓட்டிப் பார்க்கிறது. அதைவிட முக்கியம், ஒரு லைப்ரரி (பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) மாறினால் அதை நம்பியிருக்கிற மற்ற பேக்கேஜ்களின் சோதனைகளையும் சேர்த்து ஓட்டும். மாற்றம் செய்த இடத்தில் எல்லாம் சரியாக இருந்து, நாலு வீடு தள்ளி ஏதோ ஒன்று உடைவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிற விஷயம்.

ஓப்பன்சூசே என்ற டிஸ்ட்ரோவின் பக்கத்திலிருந்து வந்த ஓப்பன்க்யூஏ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது ஒரு மெய்நிகர் கணினியில் (மென்பொருளாலேயே உருவாக்கிய கணினியில்) முழு இயங்குதளத்தையும் நிறுவி, மவுஸையும் கீபோர்டையும் தானே அசைத்து, திரையில் வருவதைப் படமெடுத்து, வரவேண்டிய படத்தோடு ஒப்பிடுகிறது. லாகின் திரை வரவேண்டிய இடத்தில் கருப்புத் திரை வந்தால் உடனே தெரிந்துவிடும். ஓப்பன்சூசேயின் டம்பிள்வீட் போல ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிற ஒரு டிஸ்ட்ரோ தினசரி வேலைக்கு ஏற்றதாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஃபெடோராவும் இதே கருவியைப் பயன்படுத்துகிறது.

ஆனால் இயந்திரச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. யாராவது முன்கூட்டியே "இதைப் பார்" என்று எழுதிவைத்ததை மட்டும்தான் அது பார்க்கும். உங்கள் மடிக்கணினியை மூடித் திறந்தால் ஒலி வரவில்லை என்பதை எங்கோ ஒரு சர்வரில் ஓடுகிற மெய்நிகர் கணினியால் கண்டுபிடிக்க முடியாது.

காத்திருக்கும் இடம்

அதனால்தான் பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் ஒரு காத்திருப்பு இடம் இருக்கிறது. பெயர்கள் மட்டும் மாறும்.

டெபியனில் புதிய பேக்கேஜ் முதலில் அன்ஸ்டேபிளுக்குப் போகிறது, அதன் செல்லப் பெயர் சிட். அங்கே சில நாள் இருந்து, வெளியீட்டையே தடுக்கக்கூடிய புதிய பக் எதுவும் பதிவாகாமல், சோதனைகளிலும் தேறினால் டெஸ்டிங் என்ற அடுத்த கட்டத்துக்கு நகரும். எத்தனை நாள் என்பது அவசரத்தைப் பொறுத்தது: சாதாரணமாக 5 நாள், அவசரமில்லை என்று குறித்திருந்தால் 10, மிக அவசரம் என்றால் 2. டெஸ்டிங்கை ஒரு கட்டத்தில் உறையவைத்து, பிழைகளைக் களைந்து, அதிலிருந்துதான் எல்லோருக்குமான ஸ்டேபிள் பதிப்பு பிறக்கிறது.

ஃபெடோராவில் போதி என்று ஓர் அமைப்பு. புதிய அப்டேட் முதலில் அப்டேட்ஸ்-டெஸ்டிங் என்ற ரெப்போவுக்கு (பேக்கேஜ்களை வைத்திருக்கும் சேமிப்பிடத்துக்கு) வரும், யார் வேண்டுமானாலும் நிறுவிப் பார்த்து கூட்டல் 1 அல்லது கழித்தல் 1 போடலாம். இந்த மதிப்பெண்ணுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கர்மா. போதுமான கர்மா சேர்ந்தால் அப்டேட் எல்லோருக்கும் போகும், சேராவிட்டால் குறைந்தது சில நாட்களாவது அங்கே கிடக்க வேண்டும். புதிய கர்னல் வரிசை ஒன்று வரும்போது டெஸ்ட் டே என்று நாள் குறித்து, இன்னின்னதைச் செய்து பாருங்கள் என்று பட்டியலும் கொடுத்து, பொதுமக்களை அழைக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை என்பது என் கருத்து. ஆர்ச் லினக்ஸிலும் டெஸ்டிங் ரெப்போக்கள் உண்டு, அங்கே சோதனைக் குழுவினர் "பார்த்தேன், சரி" என்று ஒப்புதல் தருவார்கள்.

உபுண்டுவில் ஏற்கெனவே வெளிவந்த பதிப்புக்கு ஓர் அப்டேட் போகவேண்டும் என்றால் அது புரொபோஸ்ட் என்ற பகுதியில் பொதுவாக 7 நாளாவது இருக்கவேண்டும். அதோடு, எந்த பக்கைச் சரிசெய்வதற்காக அந்த அப்டேட் வந்ததோ அந்த பக் நிஜமாகவே சரியாகிவிட்டது என்று ஒருவர் செய்து பார்த்துச் சொல்லவும் வேண்டும். அப்புறமும் ஒரே நாளில் எல்லோருக்கும் திறந்துவிடுவதில்லை, முதலில் சுமார் 10 சதவீதக் கணினிகளுக்கு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றவற்றுக்கு. நடுவில் செயலிழப்பு அறிக்கைகள் கூடினால் விநியோகம் நின்றுவிடும். "என் நண்பருக்கு வந்த அப்டேட் எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?" என்று குழம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று இருக்கிறது. 7 நாள் காத்திருந்தது என்பதற்கும் 7 நாள் சோதிக்கப்பட்டது என்பதற்கும் நிறைய தூரம். அந்த ரெப்போவிலிருந்து ஒருவரும் எடுத்துப் போட்டுப் பார்க்கவில்லை என்றால் 7 நாளும் வெறுமனே கழியும், எந்தப் புகாரும் வராததால் நல்ல அப்டேட் என்ற பெயரோடு வெளியேயும் வந்துவிடும். பிரபலமான பேக்கேஜ்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. குறைந்த பேர் பயன்படுத்துகிற பிரின்டர் டிரைவர், அதிகம் புழங்காத ஒரு மொழியின் எழுத்து உள்ளீட்டுக் கருவி, பழைய ஸ்கேனர், இவற்றுக்கெல்லாம் ஒரே ஒருவர் பார்த்துச் சொன்னாலே பெரிய விஷயம். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

காத்திருக்கும் இடத்தில் கவனமாகப் பார்க்கிற ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு 2024-இல் நடந்ததே சாட்சி. எக்ஸ்இஸட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு ஒரு பின்கதவு வைக்கப்பட்டிருந்தது. அதன் முக்கியப் பகுதியை ஒளித்துவைத்திருந்த இடமே சோதனைக்கான மாதிரிக் கோப்புகளுக்குள்தான். டெபியன் சிட், ஃபெடோராவின் உருவாக்கப் பதிப்பான ராஹைட், டம்பிள்வீட் வரை அது போய்விட்டது. ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள டெவலப்பர் தன் சிட் கணினியில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை விநாடி போலத் தாமதமாவதைக் கவனித்தார், ஏன் என்று விடாமல் தோண்டினார், மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். டெபியன் ஸ்டேபிளுக்கு அது போய்ச் சேரவே இல்லை. அவர் பாதுகாப்புச் சோதனை எதையும் செய்துகொண்டிருக்கவில்லை, வேறு ஒரு வேலைக்காக வேகத்தை அளந்துகொண்டிருந்தார்.

கர்னல் கதை தனி

கர்னலின் சோதனை டிஸ்ட்ரோவுக்கு வருவதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பராமரிக்கும் முதன்மைக் கிளையில் ஒரு பதிப்பு உருவாக 9 முதல் 10 வாரம் ஆகும். முதல் இரண்டு வாரம் புதிய மாற்றங்களை உள்ளே எடுப்பார், அதற்குப் பெயர் மெர்ஜ் விண்டோ. அது மூடியதும் ஆர்சி1 (ரிலீஸ் கேண்டிடேட், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வரும். பிறகு வாரம் ஒன்றாக ஆர்சி2, ஆர்சி3 என்று ஆர்சி7 வரையோ ஆர்சி8 வரையோ போகும். அந்த வாரங்களில் திருத்தங்கள் மட்டும்தான், புதிய வசதிகள் கிடையாது. ஒவ்வொரு பதிப்பிலும் 10,000-க்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன என்பதால் இந்த ஆர்சி வாரங்கள் மிக முக்கியமானவை.

பின்னணியில் பல இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கர்னல்சிஐ பல வகை வன்பொருளில் பூட் செய்து பார்க்கிறது. இன்டெலின் தானியங்கி ரோபோ புதிய பேட்ச்களைக் கட்டிப் பார்த்து, உடைந்தால் எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புகிறது. கூகுளின் சிஸ்பாட், கர்னலுக்குள் தாறுமாறான அழைப்புகளை அனுப்பி எங்கே விழுகிறது என்று தேடுகிறது. இத்தனையும் இருந்தும் தப்பிப் போனவை உண்டு.

2021-இல் 5.12-ஆர்சி1 வந்தபோது நடந்ததைப் பாருங்கள். ஸ்வாப்பை (நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் இடத்தை) தனிப் பார்ட்டிஷனாக, அதாவது வட்டின் தனிப் பிரிவாக வைக்காமல் ஒரு கோப்பாக வைத்திருந்தவர்களுக்கு, அந்த கர்னல் ஸ்வாப் தரவை வட்டில் தவறான இடத்தில் எழுதியது. அதாவது உங்கள் கோப்புகளின் மேலேயே எழுதியது. நிறைய பேர் ஸ்வாப் பார்ட்டிஷன்தான் வைத்திருப்பார்கள், நினைவகம் தாராளமாக இருப்பவர்களுக்கு ஸ்வாப் தேவையே படாது, அதனால் வழக்கமான சோதனைகளில் இது சிக்கவில்லை. தெரிந்ததும் டோர்வால்ட்ஸ் அந்தப் பதிப்பின் பெயரோடு "டோன்ட்யூஸ்" என்று சேர்த்து எச்சரித்தார், ஆர்சி2-வை வழக்கமான ஞாயிறு வரை காத்திராமல் வெள்ளிக்கிழமையே வெளியிட்டார். ஸ்வாப்பைக் கோப்பாக வைத்திருந்த யாரோ ஆர்சி1-ஐப் போட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வித்தியாசமான அமைப்பு வைத்திருப்பவர்கள் சோதனைக்கு வரவேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

சரி, பதிப்பு வெளிவந்துவிட்டது, அதோடு முடிந்ததா? இல்லை. அதற்கப்புறம் ஸ்டேபிள் கிளை. கிரெக் குரோவா-ஹார்ட்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் முதன்மைக் கிளையில் ஏற்கெனவே போன திருத்தங்களைப் பழைய பதிப்புகளுக்குக் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு ஸ்டேபிள் வெளியீட்டுக்கும் முன்னால் பட்டியலை வெளியிட்டு, சுமார் 48 மணி நேரம் மதிப்பாய்வுக்குத் தருவார்கள். அந்த நேரத்துக்குள் உலகெங்கும் உள்ளவர்கள் கட்டி, பூட் செய்து, "இந்த வன்பொருளில் ஓடியது" என்று பதில் எழுதுவார்கள். 48 மணி நேரம் என்பது குறைவுதான், அதுவும் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ வந்துகொண்டிருக்கும்போது.

இங்கே ஒரு நுணுக்கமான ஆபத்து இருக்கிறது. முதன்மைக் கிளையில் சரியாக இருக்கிற ஒரு திருத்தம் பழைய கிளைக்கு வரும்போது, அது நம்பியிருந்த இன்னொரு மாற்றம் கூட வராமல் போனால் திருத்தமே கோளாறாகிவிடும். 2023 டிசம்பரில் 6.1.64 கர்னலில் நடந்தது இதுதான். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமைக்கான ஒரு திருத்தம் வந்தது, அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய ஒன்று வரவில்லை, சில சூழல்களில் தரவு சிதைந்தது. டெபியன் 12.3 வெளியாகவேண்டிய நேரத்தில் இது தெரிந்ததால் அந்த வெளியீட்டை நிறுத்திவிட்டு, டிசம்பர் 10 அன்று திருத்திய கர்னலோடு 12.4 என்றே வெளியிட்டார்கள். அறிவித்த தேதியை விட்டுக்கொடுத்து எடுத்த அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

2022-இல் 5.19.12 கர்னல் வந்தபோது சில இன்டெல் மடிக்கணினிகளில் திரை வெள்ளையாக மினுக்கத் தொடங்கியது, திரையே பழுதாகலாம் என்று இன்டெல் பொறியாளர் எச்சரித்தார், 5.19.13-இல் அந்த மாற்றத்தை எடுத்துவிட்டார்கள். எந்த மெய்நிகர் கணினியும் இதைக் காட்டியிருக்காது, நிஜமான திரை வேண்டும்.

நீங்கள் சோதிக்க விரும்பினால்

முதல் நிபந்தனை பேக்கப். கர்னல் பூட் ஆகவில்லை என்றால் கவலையில்லை, பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் பழைய கர்னலையும் விட்டுவைக்கும் (ஃபெடோரா இயல்பாக மூன்றை வைத்திருக்கும்), கணினி எழும்போது கிரப் என்ற தொடக்க மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் மேலே சொன்னதுபோல் கோப்புகளே சிதைந்தால் பழைய கர்னலுக்குத் திரும்பி என்ன பயன்? சிதைந்தது சிதைந்ததுதான். அதனால் இழக்க முடியாத தரவு இருக்கிற கணினியில் ஆர்சி கர்னலைப் போடாதீர்கள். பேக்கேஜை பழைய பதிப்புக்கு இறக்குவதும் எப்போதும் சுத்தமாக நடக்காது, புதிய பதிப்பு தன் தரவுத்தளத்தை மாற்றி எழுதியிருந்தால் பழையதால் அதைப் படிக்க முடியாமல் போகலாம்.

பேக்கேஜ் சோதனைக்கு மெய்நிகர் கணினி அருமையான இடம். அப்டேட்டுக்கு முன்னால் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்), பிறகு அப்டேட், கெட்டுப்போனால் ஒரே சொடுக்கில் பழைய நிலை. கர்னலுக்கு மட்டும் நிஜமான வன்பொருள் வேண்டும். பழைய மடிக்கணினி ஒன்று சும்மா கிடந்தால் அதைவிடப் பொருத்தமானது இல்லை. டெஸ்டிங் ரெப்போவிலிருந்து எல்லாவற்றையும் ஒரேயடியாக இழுக்காதீர்கள், சோதிக்க விரும்புகிற அப்டேட்டை மட்டும் எடுங்கள், அப்போதுதான் எது உடைத்தது என்று தெரியும்.

அப்டேட்டுக்கு முன்னால் ஒருமுறை எல்லாவற்றையும் செய்து பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நிறைய பேர் விட்டுவிடுகிற படி இது. முன்னால் ப்ளூடூத் ஓடியதா என்று தெரியாமல், இப்போது ஓடவில்லை என்று சொல்வதில் பாதிப் பயன்தான். அப்டேட் போட்டு, ரீபூட் செய்து, யூநேம் கட்டளையில் புதிய கர்னல்தான் ஓடுகிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள், பழையதில் நின்றுகொண்டே "எல்லாம் சரி" என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. பிறகு வழக்கமான வேலையைச் செய்யுங்கள்: வைஃபை, ஒலி, கேமரா, வெளித்திரை, யூஎஸ்பி. மூடித் தூங்கவைத்து எழுப்புவதைக் கண்டிப்பாகப் பாருங்கள், ஒருமுறைக்குப் பலமுறை, கர்னல் ரிக்ரஷன்கள் ஒளிந்துகொள்ள விரும்பும் இடம் அதுதான். என்விடியா டிரைவர், இஸட்எஃப்எஸ் கோப்பு முறைமை போல கர்னலுக்கு வெளியிலிருந்து வருகிற மாட்யூல்கள் இருந்தால் அவை புதிய கர்னலுக்குக் கட்டப்பட்டனவா என்று பாருங்கள். ஜர்னல்சிடிஎல் என்ற, கணினியின் பதிவுகளைக் காட்டும் கட்டளையில் இந்த பூட்டின் பிழைச் செய்திகளை மட்டும் எடுத்து, பழைய கர்னலின் செய்திகளோடு ஒப்பிடுங்கள். பயமுறுத்துகிற சிவப்பு வரிகள் பல முன்பே இருந்தவையாக இருக்கும், புதிதாக வந்தவைதான் முக்கியம்.

அறிக்கை எழுதும்போது "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. எந்தப் பதிப்பில் சரியாக இருந்தது, எந்தப் பதிப்பில் உடைந்தது, என்ன செய்தால் வருகிறது, ஒவ்வொரு முறையும் வருகிறதா சில முறை மட்டுமா, என்ன கணினி, எந்த வைஃபை அல்லது கிராபிக்ஸ் சில்லு, பிழைச் செய்தி என்ன, இவ்வளவும் இருந்தால் பொன் போன்ற அறிக்கை. முன்பே இருந்த பக்குக்காக ஓர் அப்டேட்டுக்குக் கழித்தல் போடாதீர்கள், அதைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். அந்த அப்டேட்டில் பத்துப் பேருக்குத் தேவையான திருத்தம் இருக்கலாம், உங்கள் கழித்தல் அதைத் தடுத்துவிடும். எல்லாம் நன்றாக ஓடினாலும் அதையும் எழுதுங்கள், எதைச் செய்து பார்த்தீர்கள் என்ற விவரத்தோடு. மௌனமாக இருந்தால் நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது.

சில நேரம் டெவலப்பர் திரும்ப வந்து "கிட் பைசெக்ட் செய்ய முடியுமா?" என்று கேட்பார். பயப்பட வேண்டாம். நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவிலிருக்கும் கர்னலைக் கட்டி ஓட்டுவது, நல்லதா கெட்டதா என்று சொல்வது, மீதிப் பாதியில் மறுபடி நடுவிலிருப்பதை எடுப்பது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைவதால் 10,000 மாற்றங்களிலிருந்து குற்றவாளியைக் கண்டுபிடிக்க 14 முறை போதும். நேரம் பிடிக்கும், ஒரு முழு நாள்கூட ஆகலாம், ஆனால் புரோகிராம் எழுதத் தெரியாத ஒருவர் கர்னலுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இது. திருத்தம் தயாரானதும் அதை முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லி உங்களிடமே அனுப்புவார்கள். நீங்கள் சொன்ன தகவலில் பக் தீர்ந்தால் கண்டுபிடித்தவர், சோதித்தவர் என்று உங்கள் பெயர் அந்த மாற்றத்தின் குறிப்பிலேயே சேர்க்கப்படுவது வழக்கம்.

வேலை முடிந்ததும் டெஸ்டிங் ரெப்போவை அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்தால் அடுத்த வாரம் வழக்கமான அப்டேட் என்று நினைத்து நீங்கள் எடுப்பது இன்னும் யாரும் பார்க்காத ஒன்றாக இருக்கும், அன்றைக்கு நீங்கள் குறிப்பெடுக்கவும் தயாராக இருக்கமாட்டீர்கள். ஃபெடோராவில் டிஸ்ட்ரோ-சிங்க் கொடுத்தால் பேக்கேஜ்கள் வழக்கமான ரெப்போவின் பதிப்புகளுக்குத் திரும்பிவிடும். மெய்நிகர் கணினி என்றால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினாலே போதும்.